களையும் கணக்கும்: பயிர்ச்செய்கையின் உயிரினப் பாதிப்பை அளத்தல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பயிர்ச்செய்கை உயிரினப் பல்வகைமையைக் குறைக்கின்றது என்ற கூற்றை இன்று மறுப்போர் அரியர். எவ்வளவு குறைக்கின்றது, எம்முறைச் செய்கை கூடுதலாகக் குறைக்கின்றது என்னும் வினாக்களே விவாதத்துக்குரியனவாய் உள்ளன. இவற்றுக்கு விடையாகத் தரப்படும் எண்கள் அறிக்கைகளில் ஏறி, அங்கிருந்து அரசாங்கங்களின் கொள்கைக்கும், இறுதியிற் கமக்காரனின் வரப்புக்கும் வந்து சேர்கின்றன. அவ்வெண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது விஞ்ஞான பீடத்தாரின் விடயம், கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன அலுவல் என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். எண்ணுதல் விஞ்ஞானியின் தொழிலே. ஆயின், எதனை எண்ணுவது, எதனோடு ஒப்பிடுவது, எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பன எண்ணத் தொடங்குமுன்னரே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. அத்தீர்மானங்கள் மதிப்பீடுகளாகும், மதிப்பீடுகளை விசாரிக்கும் உரிமை விமர்சனத்துக்கு உண்டு.

இங்கிலாந்திலுள்ள றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் புறோட்போக் என்றொரு வயல் உள்ளது. 1843 ஆம் ஆண்டு முதல் அங்கு கோதுமை பயிரிடப்பட்டு வருகின்றது. பசளை இட்ட துண்டு, இடாத துண்டு எனப் பிரித்து, ஆண்டுதோறும் விளைச்சல் குறித்து வைக்கப்பட்டது. 1919 இல் அந்நிலையத்திற் சேர்ந்த ஆர். ஏ. பிஷர் என்பார் குவிந்து கிடந்த இப்பதிவேடுகளை ஆராய்ந்து 1921 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நவீன புள்ளிவிபரவியலின் அத்திவாரங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. விளைச்சலில் மழையாலோ பசளையாலோ விளக்க முடியாத மெதுவான ஏற்ற இறக்கம் ஒன்றை அவர் கண்டார். களைகளின் பெருக்கமே அதற்குக் காரணமாகலாம் என்பது அவரது அனுமானம். களை பிடுங்கும் கூலிகளாக இருந்த சிறுவர்களை 1876, 1880 ஆம் ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் பாடசாலைக்கு அனுப்பிவிட்டமையையும் அவர் கருத்திற் கொண்டார். ஒரு நாட்டின் கல்வி வரலாறு அதன் கோதுமை வயலின் கணக்கில் இவ்வாறு வந்து விழுவது சுவையான விடயமே. இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது வேறொன்று. பிஷரின் கணக்கிற் களையானது ஓர் இடையூறு. பசளையின் பயனைத் துல்லியமாகக் காணவிடாது மறைக்கும் திரை. களை இருந்தால் அதனால் வாழும் உயிர்கள் எவை என்ற வினா அன்று எழவேயில்லை.

எண்பது ஆண்டுகளின் பின்னர் அதே நாட்டில் அதே களை, அளக்கப்பட வேண்டிய பொருளாக மாறியது. களைநாசினியைத் தாங்குமாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட பயிர்களை அனுமதிப்பதா என்ற பிரச்சினை 1990களின் இறுதியில் பிரித்தானியாவில் எழுந்தபோது, அரசாங்கம் பெரியதொரு வயற் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது. பீற், சோளம், எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் கடுகினப் பயிரான றேப் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 60 முதல் 70 வரையான வயல்கள் தெரிவு செய்யப்பட்டன. ஒவ்வொரு வயலும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதியிற் புதிய பயிரும் அதற்குரிய களைநாசினியும், மறுபாதியில் வழமையான பயிரும் வழமையான களைநாசினிகளும் பயன்படுத்தப்பட்டன. களைகள், அவற்றின் விதைகள், தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள், வண்டுகள், சிலந்திகள் எனப் பல எண்ணப்பட்டன. வசந்த காலப் பயிர்கள் பற்றிய முடிவுகள் 2003 ஒக்ரோபரில் றோயல் சொசைற்றியின் ஆய்விதழில் வெளியாகின. பயிர்ச்செய்கையின் உயிரினப் பாதிப்பை அளப்பதற்கு இதுவரை எடுக்கப்பட்ட முயற்சிகளுள் மிகக் கவனமாகத் திட்டமிடப்பட்டவற்றில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆதலாலேயே இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கவனமற்ற ஆய்வொன்றின் குறையைக் காட்டுவதால் நாம் கற்பது சொற்பமே.

பீற், றேப் ஆகிய இரண்டிலும் புதிய முறை களைகளையும் களை விதைகளையும் குறைத்தது. அவற்றோடு தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள் சிலவும் குறைந்தன. சோளத்தில் முடிவு தலைகீழாயிற்று. அங்கு மரபணு மாற்றிய பாதியிலேயே களைகள் கூடுதலாக இருந்தன. எனவே பீற்றும் றேப்பும் தீயன, சோளம் நன்று என்று செய்தித்தாள்கள் எழுதின. 2004 மார்ச்சில் அரசாங்கமும் ஏறக்குறைய அவ்வாறே தீர்ப்பளித்து, சோளத்துக்கு மாத்திரம் நிபந்தனையுடன் அனுமதி வழங்கியது. அனுமதி பெற்ற நிறுவனம் அதே மாதத்திற் பின்வாங்கியது வேறு கதை.

சோளம் ஏன் மாறுபட்டது என்பதே நமது வினா. வழமையான சோள வயல்கள் பெரும்பாலானவற்றில் அற்றசீன் என்னும் களைநாசினி விசிறப்பட்டது. அது மண்ணில் நெடுநாள் நின்று, முளைக்கும் களைகளை முளைக்கும்போதே அழிப்பது. அதனோடு ஒப்பிடும்போது புதிய களைநாசினி மென்மையானதாகத் தோன்றியது. அதாவது, புதிய சோளம் உயிர்களுக்கு நல்லதென அளவை கூறவில்லை. பழைய சோளத்தை விடத் தீமை குறைந்ததென்றே கூறியது. முடிவுகள் வெளியான அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அற்றசீனை விலக்கத் தீர்மானித்தது. ஒப்பிடப்பட்ட பொருளே வயலை விட்டு நீங்கும் நிலை ஏற்பட்டது. பின்னர் 2004 இல் ஆய்வாளர் தமது தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, அற்றசீனும் அதன் இனத்தவையும் நீங்கினால் அந்த அனுகூலம் குறையும், ஆயின் முற்றாக மறையாது என்றனர். நேர்மையான செயல். எனினும் இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. பாதிப்பு என்ற சொல்லுக்கு தனியே பொருளில்லை. எதனை விட என்ற சொல் அதன் முன்னே மறைந்து நிற்கின்றது. அச்சொல்லை நிரப்புபவரே பாதி விடையை எழுதிவிடுகிறார்.

அப்பரிசோதனையில் இன்னொரு சிறு விபரமும் உண்டு. புதிய முறை கையாளப்பட்ட பாதிகளில் கொலெம்போலா எனப்படும் மிகச் சிறிய மண்வாழ் பிராணிகள் சில காலங்களிற் கூடுதலாகக் காணப்பட்டன. அவை மக்கும் தாவரங்களோடு வாழ்வன. களைகள் பெரிதாக வளர்ந்தபின் பிந்திக் கொல்லப்பட்டதால் அவற்றுக்கு உணவு பெருகிற்று. வண்ணத்துப்பூச்சியை எண்ணியவருக்கு வீழ்ச்சி. கொலெம்போலாவை எண்ணியவருக்கு வளர்ச்சி. வயல் ஒன்றே. இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி காண்போர் உளர். அச்சராசரி எந்த உயிரின் நிலையையும் கூறமாட்டாது.

எதனோடு ஒப்பிடுவது என்பதைப் போன்றே எந்தக் காலத்தோடு ஒப்பிடுவது என்பதும் விளைவை மாற்றவல்லது. பிரித்தானிய அரசு வெளியிடும் வயற்பறவைச் சுட்டெண் 19 இனங்களை அடிப்படையாகக் கொண்டது. 1970 ஆம் ஆண்டின் நிலையை 100 எனக் கொண்டு, அதன்பின் ஏற்பட்ட மாற்றத்தை அது காட்டுகின்றது. இன்று அச்சுட்டெண் பாதிக்கும் கீழே வீழ்ந்துள்ளது. வீழ்ச்சி உண்மையானதே, அதனைக் குறைத்து மதிப்பிடுவது எமது கருத்தன்று. ஆயின் 1970 என்பது தீண்டப்படாத ஒரு பொற்காலமா? இரண்டாம் உலகப் போரின் பின்னரே அங்கு வயல் வேலிகள் பெருமளவிற் பிடுங்கப்பட்டன. புதிய களைநாசினிகளும் பூச்சிநாசினிகளும் வயலில் இறங்கின. அந்த இருபத்தைந்து ஆண்டு இழப்பு சுட்டெண்ணில் 100 என்ற எண்ணுக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றது. கணக்கு தொடங்கும் நாளுக்கு முந்திய கடனை எந்தக் கணக்காளரும் இவ்வாறு மறக்கமாட்டார். மேலும், சாம்பற் கவுதாரி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கோடைக்கு வரும் சிறு புறாவினம் அதனினும் கேடான நிலையில் உள்ளது. பெரிய மரப்புறாவோ பெருகியுள்ளது. ஒரே கோட்டில் இம்மூன்றும் கலந்து ஓடுகின்றன.

றொதாம்ஸ்ரெட்டிலேயே இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. பார்க் கிறாஸ் எனப்படும் புல்நிலத்தில் 1856 இல் லோஸ், கில்பேட் என்னும் இருவர் பசளைப் பரிசோதனையைத் தொடங்கினர். வைக்கோலின் அளவே அவர்களது அக்கறை. எனினும் பசளை இட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே துண்டுகளின் தாவரங்கள் வேறுபடுவதைக் கண்டு, அவற்றையும் வகை பிரித்துப் பதிந்தனர். பசளை இடாத துண்டுகளில் இன்றும் ஏறத்தாழ 40 தாவர இனங்கள் வளர, நைதரசன் மிகுதியாக இட்டு மண் அமிலமான துண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க புல்லினங்களே எஞ்சின. இங்கு ஒப்பிடப்படும் இரு துண்டுகளும் ஒரே நிலத்தில், ஒரே நாளில் தொடங்கியவை. இவ்வகையிற் பார்க் கிறாஸ் கூறும் சான்றுக்கு நிகரானது அரிது. ஆனால் அது சில ஏக்கர் நிலம். அத்தகைய துண்டுகளை நாடெங்கும் நூற்றைம்பது ஆண்டுகள் வைத்திருக்க எவராலும் முடியாது. ஜேர்மனியிற் கிறேபெல்ட் நகரைச் சார்ந்த பூச்சியியலாளர் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களிற் கூடாரம் போன்ற பொறிகளை வைத்து 27 ஆண்டுகளாகப் பூச்சிகளைச் சேகரித்தனர். அவற்றின் நிறை முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததென 2017 இல் வெளியான கட்டுரை உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது. அதிலும் அளக்கப்பட்டது நிறையே. எந்த இனம் போயிற்று என்பது அந்த எண்ணில் இல்லை. சூழ்ந்துள்ள கமத்தொழிலே காரணமாகலாம் என்பது அவர்களது நியாயமான ஐயம். ஆயினும் அந்த ஐயத்தைப் பலர் நிரூபணமாகவே எடுத்தாண்டுவிட்டனர்.

இனி, எதன் பேரில் வகுப்பது என்ற பிரச்சினைக்கு வருவோம். இதுவே அரசியல் மிகுந்த பகுதி. சேதனக் கமத்தையும் இரசாயனக் கமத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான ஆய்வொன்று, சேதன வயல்களிற் சராசரியாக 30 சதவீதம் கூடுதலான இனங்கள் உள்ளன என்றது. 2012 இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, சேதனக் கமத்தின் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் குறைவு என்றது. ஏக்கர் ஒன்றுக்கு எனக் கணக்கிட்டால் முதலாவது முறை வெல்கின்றது. மூடை ஒன்றுக்கு எனக் கணக்கிட்டால் நிலைமை மாறலாம். ஏனெனில் அதே மூடைகளைப் பெறுவதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலான நிலம் வேண்டும். அந்த நிலம் காடாக இருந்தால் இழப்பு எவ்வளவு? இவ்வினாவைக் கூர்மைப்படுத்தியவர்கள் கேம்பிரிட்ஜைச் சார்ந்த றைஸ் கிறீன் முதலானோர். 2005 இல் அவர்கள் முன்வைத்த வாதம், சிறு நிலத்திற் செறிவாக விளைவித்து மீதியைக் காடாக விடுவதா, அன்றிப் பரந்த நிலத்தில் மென்மையாகப் பயிரிடுவதா என்பதாகும். 2011 இல் கானாவிலும் வட இந்தியாவிலும் பறவைகளையும் மரங்களையும் எண்ணி நடத்திய ஆய்வு, பெரும்பாலான இனங்களுக்கு முதலாவது வழியே நன்று எனக் கண்டது.

இவ்வாய்வின் தர்க்கம் வலிமையானது. அதனை அலட்சியப்படுத்துவோர் பலர் அதனைப் படித்ததில்லை என்றே தோன்றுகிறது. ஆயினும் அதன் உள்ளே ஓர் எடுகோள் உறைகின்றது. செறிவாக விளைவித்தால் மீதி நிலம் உண்மையிற் காடாக விடப்படும் என்பதே அது. ஆய்வாளரே இதனை ஒரு நிபந்தனையாகக் கூறியுள்ளனர். நிபந்தனையோ மேற்கோள் காட்டப்படும்போது உதிர்ந்துவிடுகின்றது. விளைச்சல் பெருகினால் இலாபம் பெருகும். இலாபம் பெருகினால் மேலும் நிலம் வெட்டுவதற்கான ஆசையும் பெருகும். அவ்வாறு நிகழாது தடுப்பது சட்டமும் காணி உரிமையும் ஆட்சியுமே. இவை எவையும் பறவைகளை எண்ணும் தாளில் இல்லை. மூடைக்கு இவ்வளவு என்ற கணக்கை ஏந்தி வருவோர், அந்த மூடை யாருடைய களஞ்சியத்துக்குச் செல்கின்றது என்பதையும் கூற வேண்டாமா?

இதுவரை கூறியவற்றைக் கொண்டு அளவைகள் அனைத்தும் மாயை என்ற முடிவுக்கு எவரேனும் வந்தால் அது தவறாகும். அளவைகளிடையே தரவேறுபாடு உண்டு. எண்ணுக்குப் பின்னால் ஒரு தொடர்பு காட்டப்பட்டிருக்கின்றதா என்பதே அத்தரத்தை அறிவதற்குரிய வழி என்பது எமது கருத்து. சசெக்ஸ் பகுதியில் டிக் பொட்ஸ் என்பார் 1960களின் இறுதியிலிருந்து சாம்பற் கவுதாரியை ஆராய்ந்தார். களைநாசினி அக்குஞ்சுகளுக்கு நஞ்சன்று. இறந்த பறவைகளைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆனால் குஞ்சுகள் பொரித்த முதல் இரு வாரங்களிற் பூச்சிகளையே உண்பன. அப்பூச்சிகள் பயிரிடையே வளரும் களைகளில் வாழ்வன. களை போயிற்று, பூச்சி போயிற்று, குஞ்சு பட்டினியால் மாண்டது. கூடு கட்டும் புதர் குறைந்தமையும் வேட்டைப் பிராணிகளும் உடன் சேர்ந்தன. இங்கு எண் தனித்து நிற்கவில்லை. வயலின் ஓரத்தில் ஒரு பட்டைக்குக் களைநாசினி விசிறாது விட்டால் குஞ்சுகள் பிழைப்பது கூடும் என்பதையும் செய்து காட்ட முடிந்தது. சிறுவர்கள் பிடுங்காது விட்ட களையைப் பிழையின் மூலமாகக் கருதிய கணக்குக்கும், அக்களையிலிருந்து குஞ்சின் வாய்வரை தொடர்ந்து சென்ற இந்தக் கணக்குக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

நெல்லை உண்ணும் எம்மவர்க்கு இதனினும் நெருங்கிய சான்று இந்தோனேசியாவிலிருந்து கிடைக்கின்றது. அங்கு கபிலத் தத்தி நெற்பயிரை எரித்தாற்போல் அழித்தது. பூச்சிநாசினி விசிற விசிறத் தத்தி பெருகியது. அதனை உண்ணும் சிலந்திகளும் நீர்ப்பூச்சிகளுமே முதலில் மடிந்தன. 1986 இல் ஜனாதிபதியின் ஆணையொன்று நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிநாசினிகளைத் தடை செய்தது. அதன்பின் ஜாவாவின் வயல்களில் நடத்தி 1996 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஓர் அரிய உண்மையைக் காட்டிற்று. நாற்று நட்ட தொடக்க வாரங்களில், பயிரிற் பீடைகள் தோன்றுமுன்னரே, சேற்றிலும் நீரிலும் மக்கும் பொருளை உண்ணும் சிறு பூச்சிகள் கோடிக்கணக்கிற் பெருகுகின்றன. நெல்லுக்கு அவற்றால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆயின் சிலந்திகள் அவற்றை உண்டே பெருகி, பின்னர் வரும் தத்திக்குக் காத்திருக்கின்றன. பீடை, நன்மை செய்யும் பூச்சி என்று இரு நிரல்களில் மாத்திரம் எண்ணியிருந்தால் இந்த மூன்றாவது கூட்டம் கண்ணிற் பட்டிராது.

இலங்கையின் நீர்ப்பாசன நெல்வயல் ஒன்றை ஆராய்ந்து 2004 இல் வெளியிடப்பட்ட அறிக்கை, முள்ளந்தண்டற்ற உயிர்கள் ஏறத்தாழ ஐந்நூறு இனங்களையும், முள்ளந்தண்டுள்ளவை நூறுக்கும் மேற்பட்ட இனங்களையும் பதிவு செய்தது. காட்டை அளவுகோலாகக் கொள்பவருக்கு வயல் ஓர் இழப்பின் அடையாளம். உலர் வலயத்தில் வயல் தனித்திருப்பதில்லை. குளம், குளக்கட்டு, கட்டின் கீழுள்ள மரச்செறிவு, வாய்க்கால், வரப்பு யாவும் அதனோடு சேர்ந்தவை. வயலின் வரப்போடு கணக்கை நிறுத்தினால் ஒரு விடை. குளத்தையும் சேர்த்தால் வேறொரு விடை. ஈராயிரம் ஆண்டுகளாக நீர் தேக்கப்பட்ட நிலத்துக்கு எந்த ஆண்டை 100 எனக் கொள்வது என்பதற்கு இங்கிலாந்தின் சுட்டெண்ணில் வழிகாட்டலில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினிகளின் இறக்குமதி சூழலின் பெயராலும் மக்களின் சுகத்தின் பெயராலும் தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களின் விவாதத்தில் நாம் கேட்டவை புசற் கணக்கும் அந்நியச் செலாவணிக் கணக்கும் கமக்காரரின் கடனுமே. அவை நியாயமான கணக்குகள், பசியுள்ளவனுக்கு முதன்மையானவை. ஆயின் எந்த உயிர்ச் சூழலைக் காப்பதற்கென்று தடை வந்ததோ, அதன் கணக்கு அவ்விவாதத்தில் எத்தரப்பினதும் கையில் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தோனேசியாவில் 1989 இல் தொடங்கி, 1990களில் இலங்கைக்கும் வந்த கமக்காரர் வயற் பாடசாலைகளில், கமக்காரர் வாரந்தோறும் வயலில் இறங்கி, நெற்புதர்களைப் பிரித்துப் பார்த்து, தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என எண்ணினர். பெரிய தாளொன்றில் நெற்பயிரை வரைந்து, ஒரு புறம் பீடைகளையும் மறுபுறம் அவற்றின் எதிரிகளையும் குறித்து, மருந்து விசிறுவதா இல்லையா எனத் தம்முள் விவாதித்துத் தீர்மானித்தனர். எண்ணுபவரும் தீர்மானிப்பவரும் விளைவை அனுபவிப்பவரும் ஒருவராகவே இருந்த அளவை இது ஒன்றே என்று கூறத் தோன்றுகிறது. அதற்கும் எல்லை உண்டு. அத்தாளின் நடுவே நெல்லே நிற்கின்றது. வாய்க்காலில் மிதக்கும் நீர்ப்பூண்டும், அறுவடைக்குப் பின் தாளடியில் இறங்கும் கொக்கும் அதில் இடம்பெறுவதில்லை. இன்னொரு நிரல் கீறுவதற்கு அத்தாளில் இடம் உண்டு. அந்நிரலில் எதனை எழுதுவது என்பதைக் குறித்து எமது பல்கலைக்கழகத்தின் இரு பீடத்தவரும் இன்னும் ஒரு மேசையில் அமர்ந்து பேசியதில்லை.